இரண்டு ரத்தினம்மா

வரி வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் தேயிலை பொதி செய்கிற ஒரு கம்பனியில் வருஷக்கணக்காக நின்றபடியே வேலை செய்து, காலில் நரம்பு சுருண்டு, இனி முடியாது என்று விலகியபோது சேமலாப நிதிக் காசு கிடைத்தது. அதை ஒரு தரகு நிறுவனம் வழியாக முதலீட்டு நிதியொன்றில் போட்டேன். மாதம் பிறந்தால் அதிலிருந்து வருகிற வருமானத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சோறு, அம்மாவின் சீனி வியாதிக்கு மருந்து. எனக்கு வேறு வருமானம் இல்லை, வரி வெட்டாதீர்கள் என்று பிரகடனப் பத்திரம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்திருந்தேன். கொடுத்த பிறகும் மாதாமாதம் வெட்டு விழுந்தால் மனுஷிக்கு வயிறு எரியுமா எரியாதா?

அந்த நிதியில் என்னைச் சேர்த்துவிட்ட ஏஜெண்ட் மோகனராஜுக்குப் போன் போட்டேன். பன்வில பக்கத்துத் தோட்டத்துப் பையன், எனக்கு ஊர்க்காரன்.

“அக்கா, அது சிஸ்டம் தானா வெட்டுறது. நான் ஒண்ணும் பண்ணலக்கா.”

“சிஸ்டம் என்னா ஒன் மாமனாடா? அது பாட்டுக்கு வெட்டுமாம், நான் பாட்டுக்குச் சும்மா இருக்கணுமாம்.”

“கோவப்படாதீங்கக்கா. டவுன் ஆபீஸ்ல கிருஷாந்தி மிஸ்ஸப் பாருங்க. அவங்க பாத்துத் திருத்திடுவாங்க.”

அடுத்த நாள் காலையில் அம்மாவுக்கு ரொட்டி சுட்டு மூடிவைத்துவிட்டு, பாலத்தடியில் கண்டி பஸ் ஏறினேன். வழி முழுக்க அந்தக் கிருஷாந்தியிடம் கேட்கப்போகிற கேள்விகளை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்பனியில் அது எல்லோருக்கும் தெரியும். நீளமான வாய் இல்லாவிட்டால் அங்கே ஒரு நாள் காலம் தள்ள முடியாது.

கிருஷாந்தி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் கொண்டுபோன கோபத்தில் பாதி அங்கேயே வீணாகிப் போனது. கணினியில் என் பெயரைத் தட்டினாள். பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

“அன்ரி, உங்கட பேரில ரெண்டு பேர் இருக்கினம்.”

“என்னா?”

“ரெண்டு ரத்தினம்மா. ஒரே தகப்பன்ர பேர், ஒரே விலாசம். பிறந்த திகதி மட்டும் வேற.” திரையை என் பக்கம் திருப்பினாள். “மேல இருக்கிறவ 1966 ஜூலை. அவவின்ர அடையாள அட்டை இருக்கு. நீங்கள் தந்த பிரகடனமும் அவவின்ர பேரிலதான் ஏறியிருக்கு. ஆனா அவவிட்டக் காசு இல்லை. கீழ இருக்கிறவ 1970 பெப்ரவரி 22. காசு முழுக்க அவவின்ரது. பிரகடனம் இல்லை. அதாலதான் அவவுக்கு வரி வெட்டுப்படுது. இது எங்கட பிழைதான் அன்ரி. ஒரு ஆளை ரெண்டு ஆளாப் பதிஞ்சிருக்கு.”

அந்தப் பிள்ளை அதைப் பிழை என்கிறாள். ஆனால் நாங்கள் இரண்டு பேர்தான்.

மேலே இருந்தது என் அக்கா.

அக்கா பிறந்தது அறுபத்தாறில், பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து அறையில். ரத்தினம்மா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு இரண்டு மூன்று வயதாகும்போது, இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டத்து ஆட்களில் யார் இந்த நாட்டில் இருக்கப் போகிறார்கள், யார் இந்தியாவுக்குப் போகப் போகிறார்கள் என்று மனுப் போடும் காலம் வந்தது. அப்பா இங்கேயே இருக்க மனுப் போட்டார். அதில் அப்பா பெயர், அம்மா வேலாயி பெயர், பிள்ளை ரத்தினம்மாவின் பெயர். மனுப் போட்டுக் கொஞ்ச நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது. அப்போது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன்.

அக்காவின் சாவை அப்பா பதியவில்லை. மனுவில் ஏறிய ஒரு பெயரை அடிக்கப் போனால் மனுவையே அடித்துவிடுவார்கள், குடும்பத்தோடு ரயில் கோச்சியில் ஏற்றித் தலைமன்னாரில் கப்பலில் தள்ளிவிடுவார்கள் என்று லயம் முழுக்க ஒரே பயம். எங்கள் ஆட்களில் அப்படிச் செய்தவர்கள் நிறையப் பேர். போன பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்துப் பிறந்த பிள்ளையை அதற்குள் இறக்கிவிடுவது. நான் பிறந்தேன். என் பிறப்பை எவரும் எங்கேயும் எழுதவில்லை. காகிதத்தில் அக்கா சாகவே இல்லை, நான் பிறக்கவே இல்லை.

இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொன்னதில்லை. லயத்தில் ஒரு அறையில் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும். அப்படிக் கேட்டுக் கேட்டுச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது காகிதப்படி எனக்கு ஒன்பது வயது, உடம்பில் ஐந்தரை. ஒன்பது வயதுக் கழுதைக்கு ‘அ’ எழுதத் தெரியவில்லை என்று வாத்தியாரிடம் அடி வாங்கியது நான், வயது அவளுடையது. வாத்தியார் இடாப்பைப் பார்த்து ரத்தினம்மா என்று கூப்பிடும்போது எனக்குப் பின்னால் யாரோ எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் நான் எழுந்திருப்பேன். அதற்கும் அடி விழும்.

தீபாவளிக்கு அம்மா தைத்துத் தருகிற சட்டை எனக்கு எப்போதும் பெரிதாக இருக்கும். வளருகிற பிள்ளைதானே என்பார்கள். நானும் வளர்ந்தேன். அடுத்த தீபாவளிச் சட்டையும் அதே அளவுக்குப் பெரிதாகவே வந்தது. கொஞ்சம் விவரம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா எனக்கு அளவெடுக்கவே இல்லை. அக்கா இருந்திருந்தால் எந்த உயரத்தில் இருப்பாளோ அந்த உயரத்துக்குத் தைக்கிறாள். அன்றைக்குப் புதுச் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுப் பழைய பாவாடையோடு கோயிலுக்குப் போனேன்.

கல்யாணமும் அப்படித்தான். ஜாதகம் ஏது? பேர் ராசிக்குப் பொருத்தம் பார்த்தார்கள். சண்முகநாதன் என்ற பேருக்கும் ரத்தினம்மா என்ற பேருக்கும் அமோகப் பொருத்தம் என்றார் ஐயர். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், லொறி ஓட்டினார். பிள்ளை குட்டி இல்லாமலே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அவரோடு வாழ்ந்தது நான். பொருத்தம் என்னவோ அவளுக்கு.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏ புள்ள”, “இங்க வா”, “ஒன்னத்தான்”, அவ்வளவுதான். ரத்தினம்மா என்ற பேரை அவள் அக்காவுக்காகவே எடுத்துவைத்திருக்கிறாள், எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிவது நானா அக்காவா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். அது தெரியாமலே கிழவியாகிக்கொண்டிருந்தேன்.

சரி, என் உண்மையான திகதி எப்படி அந்தத் திரையில் ஏறியது? என் வாயால்தான். எந்த ஆபீசில் கேட்டாலும், தமிழில் கேட்டாலும் சிங்களத்தில் கேட்டாலும், அறுபத்தாறு ஜூலை என்று தூக்கத்திலும் சொல்லுவேன். ஒரு நாளும் தவறியதில்லை. மோகனராஜ் வந்த அன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி, மடியில் கையகலக் கணினியை வைத்துக்கொண்டு, “அக்கா, நீங்க எப்பப் பொறந்தீங்க?” என்று கேட்டான். எங்கள் ஊர்ப் பேச்சில், எங்கள் ஊர்ப் பையன். அப்படி என்னை யாருமே கேட்டதில்லை. “எழுபதாம் வருஷம், மாசி மகத்துக்கு மறுநாள்” என்று வாயில் வந்துவிட்டது. அவன் போனில் தேடிப் பார்த்து, “பெப்ரவரி இருபத்திரண்டுக்கா” என்றான். அதுவரைக்கும் அந்த ஆங்கிலத் திகதி எனக்கே தெரியாது. அடையாள அட்டைப் பிரதியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று அவன் போய்விட்டான். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு பிரகடனப் பத்திரத்தில் அடையாள அட்டைப்படி அக்காவின் திகதியைப் போட்டுக் கொடுத்தேன். கணினி எங்கள் இரண்டு பேரையும் பிரித்து எடுத்துவிட்டது.

கிருஷாந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையை அவளிடம் எங்கிருந்து தொடங்குவது?

“திருத்துறது லேசு அன்ரி” என்றாள். “கீழ இருக்கிற 1970 ஆளுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. அவவை அழிச்சுப்போட்டு, காசை மேல இருக்கிறவவுக்கு மாத்திவிட்டாச் சரி. வெட்டின வரியும் திரும்பி வரும்.”

“அழிச்சுப்போட்டா?”

“ஓம். ஆனா அப்பிடி ஒரு ஆள் இல்லையெண்டு சத்தியக் கடதாசி வேணும். ஜே.பி. ஒருத்தரிட்ட முடிச்சுக்கொண்டு வாங்கோ. தாய் தகப்பன் உயிரோட இருந்தா அவையும் கையொப்பம் வைக்கவேணும் எண்டு தலைமை அலுவலகத்தில சொல்லுகினம்.”

“வைக்கலன்னா?”

“வைக்காட்டில் மாதாமாதம் வெட்டு விழும். என்னால ஒண்டும் செய்யேலாது அன்ரி.”

திரையைத் திருப்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“கொஞ்சம் அப்படியே வச்சிருங்க மகள்.”

என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். நான் அந்தக் கீழ் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வருஷத்தில் நான் பிறந்ததாக எழுதியிருந்த ஒரே இடம் அது. அதை அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். பிழையான பதிவை வெளியே கொடுக்க அனுமதியில்லை என்றாள். பாவம், அவள் மேல் குற்றமில்லை. எனக்குத்தான் யாரையாவது நாலு வார்த்தை ஏச வேண்டும் போல இருந்தது. ஏச ஆளில்லாமல் படியிறங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு ஆற்றுப் பக்கத்துச் சரிவில் இருக்கிறது. மாலையானால் தண்ணீரிலிருந்து பனி மேலேறி வந்து பின்படியைத் தொடும். நான் குசினியில் போஞ்சி நறுக்க உட்கார்ந்தேன். அம்மா பின்கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றாள்.

“வெளிய நிக்காத. பனி கொட்டுது. உள்ள வா” என்றாள்.

கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது. நான் அவளுக்குப் பின்னால் இருக்கிறேன்.

“யாரம்மா?”

“ஒன்னத்தான்” என்றாள், வெளியே பார்த்தபடியே.

“நான் இங்க இருக்கேன்மா.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி வெளியே பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அறைக்குள் போனாள். அவளுக்கு எண்பது வயது. முழங்கால் போய்விட்டது, சீனி வியாதி கண்ணையும் கொஞ்சம் தின்றுவிட்டது, ஆனால் புத்தி தெளிவுதான். சில மாதங்களாகத்தான் இப்படிப் படியோடு பேசுகிறாள். யோசித்துப் பார்த்தால், அந்த வரி வெட்டு விழத் தொடங்கிய காலத்திலிருந்துதான். வெளியே பனியில் நிற்பது அக்காவா, இல்லை எங்கேயும் எழுதப்படாத நானா என்று ஒரு நினைப்பு வந்தது. எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். போட்ட பிறகு, பாவம், யாராக இருந்தாலும் வெளியே குளிருமே என்று இருந்தது. நான் பயந்தவளில்லை. அன்றைக்குப் பயந்தேன்.

இருந்தாலும் மருந்துக் கடைக்காரன் பேய் பிசாசுக் கதை கேட்டு விலையைக் குறைக்க மாட்டான். அம்மாவின் மருந்து வாங்கினால் அரிசிக்கு இழுக்கிறது, அரிசி வாங்கினால் மருந்துக்கு இழுக்கிறது. அப்பா எப்போதோ போய்விட்டார், அம்மாவும் நானும் கையெழுத்தைப் போட்டுத் தொலைப்போம் என்று முஹைதீன் நானாவிடம் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் சாமான் கடை வைத்திருக்கிறார், ஜே.பி. என்கிற சமாதான நீதவானும் அவர்தான். ஊரில் பாதிப் பேருடைய சத்தியக் கடதாசியில் அவருடைய முத்திரை இருக்கும். கதையைச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“தோட்டத்து ஆக்கள்ட இந்த மாதிரி எத்தனையோ கடதாசிக்கு நான் சீல் அடிச்சிருக்கேன். பயப்பட ஒண்ணுமில்ல தங்கச்சி. உம்மாவால கடைக்கு வர ஏலாதுதானே, நானே ஜும்ஆ முடிஞ்சு வீட்டுக்கு வாறேன்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார். கடதாசியைத் தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருந்தார். அம்மாவைக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். நானா கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கையொப்பம் வைக்கும் முன் வாசித்துக் காட்டுவது முறை என்று சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“வேலாயி ஆகிய எனக்கு ரத்தினம்மா என்னும் பெயரில் 1966ஆம் ஆண்டு பிறந்த மகள் ஒருத்தி மாத்திரமே உண்டு என்றும், 1970ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22ஆம் திகதி பிறந்ததாகக் காட்டப்பட்டுள்ள ஆள் ஒருபோதும் இருந்ததில்லை என்றும், இத்தால் சத்தியம் செய்கிறேன்.”

எனக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தது. நான் ஒருபோதும் இருந்ததில்லை என்று நானே சத்தியம் செய்ய வேண்டும். பேனையை என் கையில் கொடுத்தார். பேனையை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

“அம்மா மொதல்ல வைக்கட்டும் நானா” என்றேன். என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது. அம்மா மேல் எனக்கு அப்போது அவ்வளவு ஆத்திரம். இத்தனை வருஷம் என்னை இல்லாதவளாக வைத்திருந்தது அவள்தானே, இதையும் அவளே முதலில் செய்யட்டும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நானா மைப் பெட்டியைத் திறந்து, அவளுடைய பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டினார். கடதாசிப் பக்கம் கொண்டுபோனபோது அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவ வாசிங்க தம்பி.”

அவர் பொறுமையாக மறுபடியும் வாசித்தார். அம்மா கறுத்த விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“மாசியில ஒரு புள்ள பொறக்கலன்னா எழுதிருக்கீங்க?”

“ஆபீசுக்குத்தான் அம்மா. பேப்பர்ல மட்டும்.”

“நான் பெத்தேனே” என்றாள் அம்மா.

நானா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“ரெண்டு பெத்தேன் தம்பி. மூத்தவ போயி நாலு மாசத்துல இவ வந்தா. கூரை ஒழுகுற மழை. லயமே சொல்லுச்சு, செத்தவளே திரும்பி வந்துட்டான்னு. மருத்துவச்சி சொன்னா. இவ அப்பா சொன்னாரு. நான் துணிய வெலக்கிப் பாத்தேன். அவ இல்ல. மொகம் வேற, அழுகுற சத்தம் வேற. இது வேற புள்ள. பெத்தவளுக்குத் தெரியாதா?”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு, எத்தனையோ வருஷமாக உள்ளே கிடந்தது தானாக வெளியே வந்தது.

“அப்ப ஏம்மா ஒரு நாளாச்சும் என்னையப் பேரு சொல்லிக் கூப்புடல?”

“எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுறது? அது அவ பேரு. ஒங்கப்பா பேப்பருக்காக ஒன் தலையில வச்சது.” அம்மா மூச்சு வாங்கினாள். “ஒனக்கு நான் வேற பேரு வச்சேன். தொட்டில்ல போட்ட அன்னிக்குக் காதுல மூணு தடவ சொன்னேன். ஒங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. அதுக்கப்புறம் சொல்லவே இல்ல.”

“ஏன்?”

“சொல்லிக் கூப்புட்டா நீ திரும்பிப் பாத்துருவ. சின்னப் புள்ளதானே, அதுக்கு என்னா தெரியும். விசாரிக்க வர்ற ஆபீசர் கண்ணுல பட்டா, பேப்பர்ல ஒரு பேரு இருக்கு, புள்ள வேற பேருக்குத் திரும்புதேன்னு கேப்பான். அப்புறம் அம்புட்டுப் பேரையும் கோச்சி ஏத்திருவாங்க. பக்கத்து லயத்துல ஏத்துனாங்க, நான் பாத்தேன். அதான் ஒன்ன எந்தப் பேரும் சொல்லிக் கூப்புடல.”

முஹைதீன் நானா கண்ணாடியைக் கழற்றினார். கடதாசியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“தாய் இப்படிச் சொன்ன பொறகு இதுல நான் சீல் அடிக்க ஏலாது தங்கச்சி.”

“வேணாம் நானா. கொண்டுபோங்க.”

“மாசா மாசம் வெட்டுவாங்களே?”

“வெட்டட்டும்” என்றேன். பொய் சொல்லவில்லை, வயிறு எரியத்தான் செய்தது. இனி மருந்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் வாடகைக்கு இருக்கிற பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு கட்டிக் கொடுக்கலாம், கால் தாங்குமா பார்க்க வேண்டும். ஆனால் நான் இல்லை என்று எழுதிய காகிதத்தில் அம்மாவும் வைக்க மாட்டாள், நானும் வைக்க மாட்டேன். அந்தத் திரையில் கீழே இருக்கிறவள் அங்கேயே இருக்கட்டும், வரி கட்டிக்கொண்டு.

நானா வாசலில் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தம்பி எந்த ஆபீசு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஆபீசு இல்லம்மா. கடை வச்சிருக்காரு.”

“போயிட்டாரா?”

“போயிட்டாரு. என்னா பேரும்மா வச்ச? சொல்லு.”

“கதவச் சாத்து.”

“அம்மா, இப்ப யாரும் நம்மளக் கோச்சி ஏத்த மாட்டாங்க. அதெல்லாம் முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சு. எனக்கு ஓட்டு இருக்கு, அடையாள அட்டை இருக்கு. சத்தமாவே சொல்லு.”

“கதவச் சாத்து புள்ள” என்றாள்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தச் சொன்னாள், சாத்தினேன். திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அம்மா குனிந்து, மை பட்ட கையாலேயே என் தலையைப் பிடித்து இழுத்து, காதோடு வாயை வைத்தாள். அவள் மூச்சு சூடாக இருந்தது.

“புஷ்பம்” என்றாள்.

பிறகு தலையைப் பின்னால் எடுத்துக்கொண்டு, மங்கிய கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேருக்கு நான் திரும்புகிறேனா என்று பார்க்கிறாள். அது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் அழுகை வந்துவிட்டது.

“என்னாம்மா?” என்றேன்.